புளூபேர்ட் கே7: காணாமல் போன பாகங்களும் பழைய படங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளூபேர்ட் கே7 என்ற வேகப்படகின் பழைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. நான் பொறியாளர் இல்லை. பூதக்கண்ணாடியும் பொறுமையும் மட்டும் உண்டு. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

அது என்ன கே7? ஒரு படகுக்கு இவ்வளவு அலட்டலா?

இங்கிலாந்தின் டொனால்ட் கேம்பெல் ஓட்டிய ஜெட் படகு அது. கென் நாரிஸ், லூ நாரிஸ் சகோதரர்கள் வடிவமைத்தார்கள். லங்காஷயரில் உள்ள சாம்ல்ஸ்பரி பட்டறையில் கட்டினார்கள். எஃகுக் குழாய்களால் ஆன சட்டம், அதன் மேல் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. முன்னால் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் இரண்டு மிதவைகள். முழு வேகத்தில் அந்த இரண்டு மிதவைகளின் அடியும் பின்பக்கத்து அடியும், ஆக மூன்று சிறு இடங்கள் மட்டுமே தண்ணீரைத் தொடும். மற்றதெல்லாம் காற்றில்தான்.

1955 ஜூலை 23 அன்று அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 325.60 கி.மீ. என்று தொடங்கி, 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 444.71 கி.மீ. வரை, ஏழு உலக சாதனைகள். ஏழும் ஒரே படகு, ஒரே ஓட்டுநர். கப்பல், படகுகளைப் பதியும் லாயிட்ஸ் பதிவேட்டில் எல்லையற்ற வகைப் படகுகளில் ஏழாவதாகப் பதிந்ததால்தான் கே7 என்று பெயர். மிதவையின் பக்கத்தில் வெள்ளை வட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் முடிவிலிக் குறி, அதன் கீழே கே7. அந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு இடத்தில் உதவும்.

அது உடைஞ்சது எப்படி?

1967 ஜனவரி 4, இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரி. சாதனை என்று பதிய வேண்டுமானால் ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். கேம்பெல் வடக்கிலிருந்து தெற்கே போனபோது சராசரி வேகம் மணிக்குச் சுமார் 479 கி.மீ. எரிபொருள் நிரப்பவோ, தன் படகு எழுப்பிய அலை அடங்கவோ காத்திருக்காமல் உடனே திரும்பி ஓட்டினார். 500-ஐத் தாண்டிய வேகத்தில் படகின் மூக்கு மேலே எழும்பி, படகே காற்றில் குட்டிக்கரணம் போட்டு, மூக்குக் குத்தித் தண்ணீரில் விழுந்தது. காற்று உறிஞ்சும் வாய்களுக்கு முன்னால், அதாவது அவர் உட்கார்ந்திருந்த பகுதியில், படகு முறிந்தது.

தலைக்கவசமும், அவர் எப்போதும் கூடவே வைத்திருந்த மிஸ்டர் வாப்பிட் என்ற கரடிப் பொம்மையும் மிதந்தன. கடற்படை முக்குளிப்போர் சிதைவைக் கண்டார்கள், அவரைக் காணவில்லை. இரண்டு வாரத்தில் தேடலை நிறுத்திவிட்டார்கள்.

அதான் 2001-லயே தூக்கிட்டாங்களே, அப்புறம் எதைத் தேடறீங்க?

நியாயமான கேள்வி. பில் ஸ்மித் என்ற முக்குளிப்பாளரின் குழு 2001 மார்ச் 8 அன்று தூக்கியது நடு உடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை. பிரிந்து போன துண்டுகளைப் பிறகு பல முறை மூழ்கி மூழ்கி எடுத்தார்கள். மே 28 அன்று கேம்பெலின் உடலும் கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கோனிஸ்டனில் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் "காணாமல் போன பாகம்" என்பதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மோதலில் பிய்ந்து ஏரிக்குள் போனது. இரண்டாவது, விபத்துக்குப் பல ஆண்டு முன்பே படகைத் திருத்தும்போது கழற்றி வைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தப் படகின் கண்ணாடி மூடி மாறியது, வால் மாறியது, எஞ்சினே மாறியது. கழற்றிய சாமானுக்கு என்ன கதி? நம் ஊர் மாதிரிதான்: சிலது பட்டறை மூலையில், சிலது யாரோ ஞாபகார்த்தமாக வீட்டுக்கு, மீதி காயலாங்கடைக்கு. படங்களை வைத்துத் தேடுவதில் இந்த இரண்டாம் சாதிதான் எனக்கு ருசி. ஏரியில் போனதைத் தேட சோனார் வேண்டும். கழற்றி வைத்ததைத் தேடக் கண் போதும்.

ஒரே படகுதானே, எந்த வருஷத்து போட்டோவா இருந்தா என்ன?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கே7 ஒரே படகு என்பது பேருக்குத்தான். ஒருவரின் பள்ளிக்கூடப் படத்தையும் கல்யாணப் படத்தையும் வைத்துக்கொண்டு காது ஒன்றா என்று பார்ப்பது போன்ற வேலை இது. முதலில் படம் எந்த வயதில் எடுத்தது என்று தெரிய வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது வால். 1955 படங்களில் நிமிர்ந்த வால் கிடையாது, பின்பக்கம் மொழுக்கென்று இருக்கும். 1958-இல் ஆப்பு வடிவத்தில் சின்ன வால் வந்தது; வேகம் குறைக்கும் பாராசூட் அதற்குள் இருந்தது. 1966-இல் அதையும் எடுத்துவிட்டு ஒரு விமானத்தின் வாலை அப்படியே நட்டார்கள்; அது எடுப்பாக, உயரமாக நிற்கும். ஆக, வால் இல்லை என்றால் 1958-க்கு முன், சின்ன ஆப்பு என்றால் 1958 முதல் 1964 வரை, பெரிய வால் என்றால் 1966 அல்லது 67. படகின் முகம் தெரியாமல் பின்பக்கம் மட்டும் தெரியும் மங்கல் படத்தைக்கூட இதை வைத்தே மூன்று கட்டில் ஒன்றில் போட்டுவிடலாம்.

அடுத்தது கண்ணாடி மூடி. 1956-இல் பிளெக்ஸிகிளாஸை ஊதி வளைத்த மூடி வந்தது. அதே ஆண்டில் படகின் அடிப்பரப்பில் பள்ளங்களும் போட்டார்கள். ஆனால் படகு தண்ணீரில் கிடக்கும்போது அடி எங்கே தெரியும்? கிரேனில் தொங்கும் படமோ கரையில் தாங்கு சட்டத்தில் ஏற்றிய படமோ கிடைத்தால் விடாதீர்கள். அழகான ஓட்டப் படம் பத்தை விட, கிரேன் படம் ஒன்று எனக்கு உசத்தி. 1958-இல் மிதவைகளின் மேல் மூடுதகடுகளையும் திருத்தினார்கள், முன்பக்கம் மேலெழும்பும் விசையைக் குறைக்க. ஆகவே "கே7 மிதவைத் தகடு" என்று ஒன்று கிடைத்து, அது 1957 படத்தோடு பொருந்தவில்லை என்றால் பொய்த் தகடு என்று தூக்கி எறிய வேண்டாம். 1959 படத்தோடும் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பெரிய வால் நாட் விமானத்தோடதுன்னு சொல்றாங்களே, நம்ம விமானப்படையில இருந்த நாட் விமானமா?

அதே நாட்தான். ஃபோலண்ட் நிறுவனத்தின் குட்டி ஜெட். பெங்களூரு எச்.ஏ.எல். உரிமம் வாங்கிக் கட்டியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி "சேபர் கொல்லி" என்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேல் நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஓட்டியதும் அதுதான். அதன் ஆர்ஃபியூஸ் எஞ்சினையே 1966-இல் கே7-க்குள் வைத்தார்கள், வாலும் நாட் விமானத்திலிருந்தே வந்தது. பழைய பெரில் எஞ்சினின் தள்ளுவிசை சுமார் 1,600 கிலோ. ஆர்ஃபியூஸ் சுமார் 2,000 கிலோ, எடையும் குறைவு. நம் மாருத் போர் விமானத்தில் இரட்டையாக இருந்ததும் இதே ஆர்ஃபியூஸ் குடும்பம்.

"அப்படியானால் இங்கே காட்சிக்கு வைத்திருக்கும் நாட் விமானத்தின் வாலை அளந்தால் போதுமே" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல யோசனை, ஆனால் எச்சரிக்கை தேவை. நம்முடையது ஒற்றை இருக்கைப் போர் விமானம். பிரிட்டிஷ் விமானப்படை வைத்திருந்தது இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். இரண்டும் அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள் இல்லை. இங்கே அளந்த அளவை அங்கே ஒட்டுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

போட்டோ பின்னாடி தேதியே எழுதியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

பத்திரிகைப் படத்தின் பின்னால் இருக்கும் முத்திரைத் தேதி பெரும்பாலும் அந்தப் பிரதி அலுவலகத்துக்கு வந்த நாள், அல்லது அச்சான நாள். எடுத்த நாள் அல்ல. கேம்பெல் இறந்த வாரம் எத்தனை பத்திரிகைகள் பழைய படத்தை வெளியே எடுத்துப் போட்டிருக்கும் என்று யோசியுங்கள். பின்னால் ஜனவரி 1967 என்று முத்திரை, முன்னால் ஆப்பு வால்: படம்தான் உண்மை, முத்திரை பொய்.

இடம் சரியா என்பதற்குப் பின்னணியைப் பாருங்கள். மரமே இல்லாத பாறை மலை என்றால் நெவாடாவின் மீட் ஏரி, 1955. அகலமாகப் பரந்து, கரை தாழ்ந்து கிடந்தால் ஆஸ்திரேலியா. அதிலும் டம்பிள்யங் என்று அவசரப்படாதீர்கள், அதற்கு முன் தெற்கு ஆஸ்திரேலியாவின் பானி ஏரியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். 1957-இல் நியூயார்க் மாநிலத்தின் கனண்டைக்வா ஏரிக்கும் படகு போயிருக்கிறது. அங்கே சாதனை எதுவும் அமையாததால் பட்டியலில் அந்த ஊர் வராது, படங்களில் வரும். கோனிஸ்டன் என்றால் மரங்களைப் பாருங்கள். 1957, 58 சாதனைகள் நவம்பரில், 1959 சாதனை மே 14 அன்று. இலையுதிர்ந்த மரமும் தளிர்விட்ட மரமும் ஒரே மாதத்தில் நிற்காது.

கடைசி நாள் படம் என்று சொல்லி வருபவற்றுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். விபத்து நடந்தது காலை 8.50 வாக்கில். ஜனவரித் தொடக்கத்தில் அந்த ஊரில் சூரியன் உதிப்பதே எட்டரை மணி சுமாருக்கு. கிழக்கே குன்றுகள் வேறு. ஆகவே படகுத்துறையில் ஆட்களின் நிழல் கூர்மையாக விழுந்திருக்கும் படம் "அந்தக் கடைசி ஓட்டத்துக்குப் புறப்படும்போது எடுத்தது" ஆக முடியாது. யார் சொன்னாலும் சரி.

இடம் வலம் திரும்பிப்போன படத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி போட்டால் இப்படி ஆகும், நம் வீட்டு ஆல்பத்திலேயே ஒன்றிரண்டு இருக்கும். வெள்ளை வட்டத்துக்குப் போங்கள். முடிவிலிக் குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதைத் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும். கே எழுத்தும் 7-ம் தான் காட்டிக்கொடுக்கும். வட்டம் தெரியாத நெருக்கப் படம் என்றால், பக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பை எந்தப் பக்கம், கோட்டின் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வலது மிதவையில் ஒரு நசுங்கல் இருக்கிறது, எந்தப் படத்திலும் இல்லாத நசுங்கல் என்று குதூகலித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுக்கச் செலவழித்தேன். அது இடது மிதவை. படம் திரும்பியிருந்தது. ஓரத்தில் நின்ற ஆளின் சட்டைப் பையை என் மனைவி காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ரிவெட்டை எண்ணுவீங்களாமே, நிஜமாவா?

நிஜமாகத்தான். சிரிக்கலாம், தப்பில்லை.

இந்தப் படகு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வந்த சாமான் அல்ல. ஒன்றே ஒன்று, கையால் தட்டி வளைத்த தகடுகள். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை எவ்வளவு கவனமாக வரிசையாக அடித்தாலும் எங்கேயாவது ஒன்று கோட்டை விட்டு விலகும், ஓர் இடைவெளி சற்று அகலும், மூலையில் ஒன்று கூடுதலாக விழும். பிறகு பழுது பார்க்கும்போது ஒட்டுத் தகடு வரும், அதற்குத் தனி ரிவெட் வரிசை. கைரேகை மாதிரி இது. ஒரு தகட்டில் தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு ரிவெட்டின் இடைவெளி விகிதத்தை எழுதிக்கொண்டு, தேதி நிச்சயமான படத்தில் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். நீள அளவு தேவையில்லை, விகிதம் போதும்: மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள தூரம், நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் உள்ளதைவிட எவ்வளவு பெரியது என்பது போல.

திருகாணிகள் இன்னொரு துப்பு. திறந்து மூடும் தகடுகளில் கோடு வெட்டிய தலையுள்ள ஆணிகள் இருந்தால், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்தக் கோடுகள் வேறு வேறு கோணத்தில் நிற்கும். இரண்டு படங்களில் எல்லாக் கோடுகளும் அதே கோணத்தில் நின்றால், இடையில் அந்தத் தகட்டை யாரும் திறக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஒரே நாள் படங்களை ஒன்றுசேர்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிவெட் ஒத்துப்போகவில்லை, இடையில் அந்த இடத்தைத் திருத்தியதாகவும் தடயம் இல்லை என்றால், "இது அதில்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். ஒத்துப்போனால் "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். பழைய படம் இல்லை என்று சொல்வதில் கெட்டிக்காரன். ஆமாம் என்று சொல்லக் கூச்சப்படும்.

ஒரு படத்திலிருந்து பாகத்தோட அளவை எடுக்க முடியுமா?

முடியும், கேமரா நேராகப் பார்த்திருந்தால். சாய்வாகப் பார்த்திருந்தால் எவ்வளவு சாய்வு என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கும் அந்த வெள்ளை வட்டம்தான். நேரே பார்த்தால் வட்டம், சாய்ந்து பார்த்தால் நீள்வட்டம். அதன் குறுக்கு அகலத்தை நெடுக்கு உயரத்தால் வகுத்தால், நேர் பார்வையிலிருந்து எவ்வளவு கோணம் விலகியிருக்கிறோம் என்பதற்குக் கொசைன் கிடைக்கும். பாதி அகலமாகத் தெரிந்தால் 60 பாகை. வட்டம் ஒட்டிய பரப்பு கொஞ்சம் வளைந்திருந்தால் கணக்கும் கொஞ்சம் பிசகும், அதனால் பிசகுக்கு இடம் விட்டுத்தான் எழுதுவேன்.

தெரிந்த அளவு ஒன்றாவது படத்தில் இருக்க வேண்டும். அதுவும் நாம் அளக்கும் பாகம் இருக்கும் அதே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்பவரின் உயரத்தை வைத்துப் பின்னால் இருக்கும் வாலை அளந்தால், வால் குட்டையாகத்தான் வரும்.

விபத்தைப் படமே பிடிச்சிருக்காங்க. நிறுத்தி நிறுத்திப் பார்த்தா எந்தத் துண்டு எங்க விழுந்ததுன்னு தெரியாதா?

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். கணக்குப் போடுவோம். மணிக்கு 479 கி.மீ. என்றால் நொடிக்கு 133 மீட்டர். நொடிக்கு 24 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே படகு ஐந்தரை மீட்டர் நகர்ந்துவிடும். படகின் நீளமே சுமார் 8 மீட்டர்தான். ஒவ்வொரு படமும் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருந்தால், கேமரா கூடவே திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்துக்குள்ளேயே இரண்டரை மீட்டருக்கு மேல் இழுபட்டுப் போகும். பின்தொடர்ந்து திரும்பியதால்தான் ஏதோ தெரிகிறது. மோதிய கணத்திலோ தண்ணீர் எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. நமக்கு எது வேண்டுமோ அது சரியாக அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால்.

எந்தப் பக்கமிருந்து அடி விழுந்தது என்பதை மீட்ட சிதைவுதான் சொன்னது: அடி இடமிருந்து வலமாக விழுந்து, முன்பகுதி முழுவதையும் அந்தத் திசையில் வழித்துக்கொண்டு போயிருக்கிறது. எரிபொருள் குழாய்களில் எரிபொருள் மீதம் இருந்தது. தீர்ந்துபோய் எஞ்சின் நின்றது என்ற வாதம் அதோடு போயிற்று.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. தூக்கிய படகில் தண்ணீர் பிரேக் இறங்கிய நிலையில் இருந்தது. பார்த்தவுடன் என்ன தோன்றும்? கடைசி நொடியில் கேம்பெல் பிரேக் போட்டிருக்கிறார் என்று. இல்லை. ஹைட்ராலிக் கலத்தில் சேமித்திருந்த அழுத்தம் விபத்துக்குப் பிறகு அதைத் தானாக இறக்கிவிட்டது. பாகம் கிடைத்த நிலையை அது கடைசியாக இருந்த நிலை என்று படிக்கக் கூடாது.

நீலத்தை வெச்சுச் சொல்லலாமா? புளூபேர்ட் நீலம்னு தனி நிறமாமே?

கையில் தகடு இருந்தால் நிறம் உதவும். படத்தில் உதவாது. அந்தக் காலக் கலர்ப் பிரதிகளில் நீலம் காட்டும் சாயம் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் முதலில் மங்கும், படம் செம்மை தட்டிப்போகும். நம் வீட்டு 70-களின் படங்களில் எல்லோரும் செக்கச்செவேல் என்று இருப்பதும் இதனால்தான். கறுப்பு வெள்ளையில் நீலம் எவ்வளவு சாம்பலாக விழும் என்பது பிலிமையும் லென்ஸில் போட்ட வடிகட்டியையும் பொறுத்தது. ஒரே மதியம் இரண்டு பேர் எடுத்த இரண்டு படங்களில் இரண்டு நிறம் இருக்கலாம்.

இப்பதான் ஏ.ஐ. இருக்கே, மங்கல் படத்தைத் தெளிவாக்கிட்டுப் பார்க்கலாமே?

தயவுசெய்து வேண்டாம். பொலிவாக்கிக் கண்ணுக்கு அழகு பார்க்கலாம், சாட்சியாக்க முடியாது. மங்கலான தகட்டில் ரிவெட் இருக்கும் என்று அந்த மென்பொருளுக்குப் "புரிந்தால்", தானே சம இடைவெளியில் அடித்துக் கொடுத்துவிடும். மேலே சொன்ன கோணல் மாணல்தான் நம் ஆதாரமே. அதைத்தான் அது முதலில் நேராக்கும். அப்படி வந்த படத்தை எண்ணிப் பார்த்துவிட்டு "ஒத்துப்போகுது சார்" என்று அனுப்பியவர்கள் உண்டு. வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் பெரிய அளவில் ஸ்கேன் செய்த மூலப்பிரதியைத் தேடுங்கள்.

ஒருத்தர் கே7 தகடுன்னு விக்கிறார். நீலப் பெயின்ட், பழைய அலுமினியம், எல்லாம் சரியா இருக்கு. வாங்கலாமா?

அலுமினியக் கலவை சரியாக இருப்பது ஒரு சாட்சியே இல்லை. அதே பிர்மாபிரைட் தகட்டில்தான் பழைய லேண்ட் ரோவர்களின் உடலும் செய்தார்கள். நீலப் பெயின்ட் அடித்த லேண்ட் ரோவர் மட்கார்டுக்கு நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்களா என்று முதலில் யோசியுங்கள்.

கேட்க வேண்டியது: படகில் எந்த இடத்துத் தகடு? எந்த ஆண்டு நிலையில்? விற்பவருக்கு அதற்குப் பதில் இல்லை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பதில் இருந்தால் அந்த ஆண்டுப் படத்தோடு ரிவெட் சோதனை, பிறகு வளைவு, பிறகு ஓரங்களில் பெயின்ட் அடுக்கு. கூடவே, இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கதையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஏரியின் அடியிலிருந்து எடுத்தது என்று சொன்னால் விலகிவிடுங்கள். அது உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். கேம்பெலின் மகள் ஜினா, மீட்ட சிதைவை 2006-இல் கோனிஸ்டனின் ரஸ்கின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்த ஏரியிலிருந்து ஒரு துண்டு வெளியே வந்தால் அவர்களுக்குத்தான் முதல் கடிதம் போக வேண்டும்.

ஜான் கோப்போட க்ரூசேடரையும் இப்படியே தேடலாமே?

அது வேறு கதை. க்ரூசேடர், ஜான் கோப் வேக சாதனைக்காக ஓட்டிய படகு. 1952 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் அது உடைந்து கோப் இறந்தார். சிதைவு இருக்கும் இடத்தை 2002-இல் கண்டுபிடித்தார்கள். ஆழம் சுமார் 200 மீட்டர். கே7 கிடந்தது 45 மீட்டர் வாக்கில். கோப்பின் படகில் மர ஒட்டுப்பலகை அதிகம், ஆகவே உலோகத் தகட்டு ரிவெட் வித்தை அங்கே பாதிதான் செல்லும். தவிர, அந்த இடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், யாரும் தொடக் கூடாது. படங்களை வைத்து அடையாளம் காணலாம், எடுக்க முடியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பழைய பாகம் ஒண்ணு உண்மையிலேயே கிடைச்சா இப்ப இருக்கிற படகுல மாட்டிடலாமா?

எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. மீட்டவர்கள் படகை மறுபடி கட்டியது 1966-67 நிலையில். 1955 மூடியோ ஆப்பு வாலோ கிடைத்தால் அதில் மாட்ட இடமே இல்லை, பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கடைசி நிலைப் பாகமே கிடைத்தாலும், அந்த இடத்தில் இப்போது புதிதாகச் செய்த ஒன்று இருக்கலாம். நசுங்கிய அசலை நிமிர்த்தி மாட்டுவதா, நசுங்கியபடியே காட்டுவதா? நான் இரண்டாவது கட்சி. நிமிர்த்தும்போது அதில் எழுதியிருக்கும் விபத்தும் அழியும். ஆனால் 2001-இல் தூக்கிய உடலை நிமிர்த்தாமல் விட்டிருந்தால் அந்தப் படகு மறுபடி ஓடியிருக்காது என்பதும் உண்மை. ஓடிய காட்சியைப் பார்த்துச் சிலிர்த்தவர்களில் நானும் ஒருவன். சரி, முரண்தான்.

2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவில், ஃபாட் என்ற ஏரியில் மணிக்குச் சுமார் 240 கி.மீ. வரை ஓட்டினார்கள். மீட்டெடுத்தவர்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே இருந்த பிணக்கு தீர்ந்து, 2024 மார்ச் 9 அன்று படகு கோனிஸ்டனுக்குத் திரும்பியது.

அப்ப 2018 படத்தை யாராவது கறுப்பு வெள்ளை ஆக்கி 1966-னு சொன்னா?

சொல்கிறார்கள். இனி இதுதான் பெரிய தொல்லை. வால் சோதனை உதவாது, அதே வால் வடிவம். வட்டமும் அதே இடத்தில். ரிவெட் இன்னும் உதவும்: புதிதாகச் செய்த தகடுகளில் வரிசை வேறு, பழைய தகடுகளில்கூட நிமிர்த்தி ஒட்டுப்போட்ட இடங்கள் 1966 படங்களில் இருக்காது. பின்னணியில் கோனிஸ்டனின் உயர்ந்த மலைகளுக்குப் பதில் தாழ்ந்த மேடுகள் தெரியும். ஆகஸ்ட் என்பதால் மரம் முழுக்க இலை. 1966-67-இல் படகு கோனிஸ்டனில் ஓடியது நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் கரையில் நிற்பவர்களின் கையைப் பாருங்கள். 1966-இல் யாரும் உள்ளங்கையளவு தகட்டை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.